பிழைப்பாரா என்ற கணிப்பு யாரைப் பற்றியது?

இதயம் நின்றுபோன ஒருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிட முடியுமா? அவசர சிகிச்சை மருத்துவத்தில் இதைவிடக் கனமான கேள்வி இல்லை. புற்றுநோயாளி எத்தனை மாதம் இருப்பார் என்று கணிக்கும் மருத்துவருக்கு யோசிக்க நாட்கள் கிடைக்கின்றன. கணிப்பு தவறினாலும் நோயாளி இருந்து அதைப் பொய்யாக்குவார். சிபிஆர் எனப்படும் இந்த நெஞ்சழுத்த மீட்பு முயற்சி நடக்கும் இடத்தில் அந்த இரண்டும் இல்லை. முடிவு சில நிமிடங்களில் எடுக்கப்படுகிறது. ‘இனிப் பிழைக்கமாட்டார்’ என்று கையை எடுத்துவிட்டால் அந்தக் கணிப்பு அப்போதே மெய்யாகிவிடுகிறது. ஆகவே இந்தத் துறையில் வெளிவரும் எந்த விதியையும், எந்த மதிப்பெண் முறையையும், எந்தக் கணினி மாதிரியையும் வழக்கத்தைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. புனே போன்ற நகரம் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பதை அறுபதாண்டுச் சான்றுகளைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாம் கடன் வாங்க நினைக்கும் விதிகளில் பெரும்பாலானவை நோயாளியின் உடலை அளப்பதைவிட, அவர் விழுந்த ஊரையே அதிகம் அளக்கின்றன. அந்த வேறுபாட்டை உணராமல் அவற்றைப் பயன்படுத்தினால், நகரத்தின் குறைக்கு நோயாளியின் உயிரால் கணக்குத் தீர்ப்பதாக ஆகிவிடும்.

சிபிஆரின் தொடக்கக் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பைத் திறக்காமல் வெறும் கைகளால் அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் விவரித்த 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தார்கள். அவர்களில் பலர் மருத்துவமனைக்குள்ளேயே, மயக்க மருந்தின்போது, மருத்துவர்களின் கண்முன்னே இதயம் நின்றவர்கள். அதே முறை தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தபோது அந்த எழுபது விழுக்காடு எங்கும் திரும்பக் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர் எண்கள் வேறுபட்டன. எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாத நிலை. 1990இல் நார்வேயின் உட்ஸ்டைன் மடத்தில் கூடிய வல்லுநர்கள், எல்லா நாடுகளும் ஒரே விதமாகத் தகவல் எழுத வேண்டும் என்று ஒரு படிவத்தை வகுத்தார்கள். மறு ஆண்டு அது வெளியானது. விழுந்ததை யாராவது பார்த்தார்களா, பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தினாரா, முதலில் பதிவான இதயத் தாளம் என்ன, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, மின் அதிர்ச்சி எப்போது கொடுக்கப்பட்டது, உயிரோடு வீடு திரும்பினாரா என்பவை அதிலுள்ள கேள்விகள். இன்றைய கணிப்பு முறைகள் பெரும்பாலும் இந்தப் படிவத்திலிருந்து பிறந்தவை. அவற்றின் பலமும் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அவற்றில் அதிகம் பேசப்படுவது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உருவான நிறுத்த விதி. மூன்றே கேள்விகள். ஆம்புலன்ஸ் ஊழியர் கண்முன் இதயம் நின்றதா? மின் அதிர்ச்சி ஒருமுறையாவது கொடுக்கப்பட்டதா? எந்தக் கட்டத்திலாவது நாடி திரும்பியதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பது பதிலானால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது விதி. மாரிசனும் சக ஆய்வாளர்களும் 2006இல் இதை 1,240 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 776 பேருக்கு நிறுத்தலாம் என்று விதி சொன்னது. அவர்களில் பிழைத்தவர்கள் 4 பேர். இருநூறில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலான பிழை. அந்த விதியைப் பின்பற்றியிருந்தால் பத்தில் நான்கு பேருக்கும் குறைவானவர்களை மட்டுமே அவசரமாக ஏற்றிச் செல்ல வேண்டியிருந்திருக்கும். எளிமை, துல்லியம், சிக்கனம் மூன்றும் இருப்பதால் பல நாடுகள் இதை விரும்பின. ஜப்பான் போன்ற சில நாடுகளில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியில் நிறுத்த அனுமதி இல்லை. அங்கும் இந்த விதி எப்படி வேலை செய்யும் என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒன்டாரியோவின் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தக் கணக்கு எதைக் கணக்கிட்டது என்பதில்தான் கேள்வி.

மூன்று கேள்விகளையும் மறுபடி பாருங்கள். ஊழியர் கண்முன் இதயம் நின்றதா என்பது, நெஞ்சுவலி தொடங்கியதும் குடும்பம் ஆம்புலன்ஸை அழைத்ததா, அது சீக்கிரம் வந்ததா என்பதைப் பொறுத்தது. மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்டதா என்பது, இதயத்தின் கீழறைகள் இன்னும் துடிதுடித்துக்கொண்டிருக்கும்போதே கருவி வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்தது. அந்தத் துடிதுடிப்பு நிலைத்து நிற்பதில்லை. யாரும் நெஞ்சை அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு முதல் பத்து விழுக்காடு குறைகிறது. துடிப்பலை மெலிந்து ஈசிஜியில் நேர்கோடாகிவிடுகிறது. நேர்கோட்டுக்கு மின் அதிர்ச்சி பயன்படாது. ஆகவே பத்தாவது நிமிடத்தில் வந்தவர் ‘அதிர்ச்சி தேவைப்படாத தாளம்’ என்று எழுதுவார்; நான்காவது நிமிடத்தில் வந்திருந்தால் அதே மனிதருக்கு ‘அதிர்ச்சி கொடுத்தேன்’ என்று எழுதியிருப்பார். உடல் ஒன்றுதான். இடையில் நின்ற ஆறு நிமிடம் சாலையுடையது. அந்த ஆறு நிமிடத்தை விதி நோயாளியின் பேரில் எழுதிவிடுகிறது.

புனேயில் இது எப்படி அமையும் என்று யோசிக்க அதிகக் கற்பனை தேவையில்லை. மகாராஷ்டிராவின் 108 அவசர மருத்துவ சேவை 2014 ஜனவரியில் 937 ஆம்புலன்ஸ்களோடு தொடங்கியது. அதன் கட்டுப்பாட்டு மையம் புனேயின் ஔந்த் பகுதியில் அமைந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மருத்துவர் என்பது அதன் தனிச்சிறப்பு. மருத்துவர் அல்லாத பணியாளர்களைக் கொண்டு ஓடும் சேவைகள் பல மாநிலங்களில் உண்டு. மருத்துவரோடு ஓடும் இந்த ஏற்பாட்டைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு முழு மாநிலத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான வண்டிகள் என்பதே தொடக்கக் கணக்கு. ஹிஞ்சவடிக்கும் வாகட்டுக்கும் மாலை நேரத்தில் போகும் சாலைகளில் அந்த வண்டியும் மற்றவற்றோடு நிற்க வேண்டும். வண்டி வாசலுக்கு வந்ததும் வேலை முடிவதில்லை. புனே மேல்நோக்கி வளர்ந்திருக்கும் நகரம். காவலர் கேட், பார்க்கிங், லிஃப்ட் என்று வாசலிலிருந்து படுக்கை வரை ஒரு தனிப் பயணம் இருக்கிறது. டொராண்டோ பகுதியில் வீடுகளில் இதயம் நின்ற 7,842 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாடிக்குக் கீழே வசித்தவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 விழுக்காடு, பதினாறாம் மாடிக்கு மேலே 0.9 விழுக்காடு, இருபத்தைந்தாம் மாடிக்கு மேலே ஒருவரும் இல்லை. மாடி எண்ணை ஒரு கணிப்புக் காரணியாக எடுத்துக்கொண்டால் அது மிகத் துல்லியமாகவே வேலை செய்யும். அதற்காக இருபத்தெட்டாம் மாடிக்காரரின் இதயம் வேறு தசையால் ஆனது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஊர் மாறினால் விதி மாறும் என்பதற்கும், அதே ஊர் திருந்தினால் விதி மாறும் என்பதற்கும் வலுவான சான்றுகள் உண்டு. ஜப்பான், சிங்கப்பூர், தென்கொரியா, மலேசியா, தாய்லாந்து, தைவான், துபாய் ஆகியவற்றின் 66,780 நிகழ்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆசியக் கூட்டாய்வில், உயிரோடு வீடு திரும்பியோர் ஓரிடத்தில் 0.5 விழுக்காடு, இன்னோரிடத்தில் 8.5 விழுக்காடு. பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தது ஓரிடத்தில் பத்தில் ஒருவருக்கு, இன்னோரிடத்தில் பத்தில் நால்வருக்கு. இந்தியா அந்தத் தொகுப்பில் இல்லை. டென்மார்க்கின் கதை இன்னும் தெளிவானது. அங்கே 2001இல் ஐந்தில் ஒருவருக்குத்தான் பொதுமக்கள் சிபிஆர் செய்தார்கள். பள்ளிகளிலும் ஓட்டுநர் உரிமப் பயிற்சியிலும் அதைக் கற்பித்த பிறகு, 2010இல் அது 44.9 விழுக்காடாயிற்று. முப்பது நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடானார்கள். 2001ஆம் ஆண்டின் தரவில் பழக்கிய ஒரு கணிப்பு மாதிரியை 2010 வரை மாற்றாமல் வைத்திருந்தால், அது அந்நாட்டு மக்களை ஆண்டுதோறும் அதிகமாகக் கைவிட்டிருக்கும். இன்னொரு பக்கம் அமெரிக்காவின் மினியாபொலிஸ். மின் அதிர்ச்சிக்கும் அடங்காத இதயத் துடிதுடிப்பு உள்ளவர்களை, ரத்தத்தை உடலுக்கு வெளியே சுழற்றும் எக்மோ இயந்திரத்தில் இணைத்துப் பார்த்த அங்குள்ள சிறு சோதனையில், எக்மோ பெற்ற 14 பேரில் 6 பேர் வீடு திரும்பினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 15 பேரில் ஒருவர். அது சிறியது என்பதும், நெதர்லாந்தில் பின்னர் நடந்த பெரிய சோதனையில் வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதும் உண்மை. எனினும் ஒன்று நிலைத்துவிட்டது: அதே நிமிடத்தில், அதே தாளத்தில், பிழைக்கும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று சொல்லும்போது, ‘இங்கே கையில் இருக்கும் கருவிகளோடு’ என்ற நிபந்தனையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர்கள் ஜெர்மானியர்கள் என்பேன். அவர்களுடைய தேசியப் பதிவேட்டிலிருந்து 2011இல் உருவான ‘ராகா’ மதிப்பெண் முறை, வயது, பாலினம், காரணம், இடம், முதல் தாளம், சாட்சி, பக்கத்தவரின் சிபிஆர், ஆம்புலன்ஸ் வந்த நேரம் ஆகியவற்றை வைத்து, நாடி திரும்பும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. அதன் முதன்மையான பயன் சேவைகளை ஒப்பிடுவது. ஒரு நகரத்தின் ஆம்புலன்ஸ் சேவைக்கு வந்த நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு நாடி திரும்பியிருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லி, உண்மையில் முப்பது பேருக்கே திரும்பியிருந்தால், அந்தச் சேவை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ஊரை அளக்கும் காரணிகளைக் கொண்டு ஊருக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயம். அதே காரணிகளால் படுக்கையில் கிடப்பவருக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் அநியாயம்.

அப்படியானால் படுக்கையருகே எதை நம்புவது? உடலே தரும் அறிகுறிகளை. அவற்றில் முதன்மையானது, மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர் வெளிவிடும் காற்றின் கடைசிப் பகுதியில் இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம். நுரையீரலுக்கு ரத்தம் வந்தால்தான் அந்த வாயு வெளியேற முடியும். ஆகவே நெஞ்சழுத்தம் எவ்வளவு ரத்தத்தை ஓட்டுகிறது என்பதை அது அந்தக் கணத்திலேயே காட்டுகிறது. 1997இல் லெவினும் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இதயத்தில் மின் செயல்பாடு இருந்தும் நாடி இல்லாத 150 பேரை இருபது நிமிடம் கண்காணித்தார்கள். பிழைத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 35 பேருக்கு அந்த அளவு சராசரியாக 32.8 மி.மீ. பாதரசம், பிழைக்காதவர்களுக்கு 4.4. இருபதாவது நிமிடத்தில் பத்து அல்லது அதற்குக் கீழே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இவ்வளவு கச்சிதமான எல்லைக்கோடு மருத்துவத்தில் அரிது. அதனால்தான் அதைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அழுத்துபவர் களைத்து ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அளவு இறங்கும். பதற்றத்தில் பையை வேகமாகப் பிசைந்து மூச்சு கொடுத்தால் இறங்கும். அட்ரினலின் ஊசி போட்டதும் சற்று இறங்கும். பைகார்பனேட் போட்டால் தற்காலிகமாக ஏறும். நுரையீரல் தமனியில் பெரிய ரத்தக்கட்டி அடைத்திருந்தால் அழுத்தம் நன்றாக இருந்தும் அளவு தாழ்ந்தே இருக்கும்; குழாய் உணவுக்குழலுக்குள் போயிருந்தாலும் அப்படித்தான். ஆகவே திரையில் எட்டு என்று தெரிந்தால் முதல் பொருள் ‘இவர் போய்விட்டார்’ என்பது அல்ல. ‘நாம் சரியாக அழுத்துகிறோமா’ என்பது. அழுத்துபவரை மாற்றி, குழாயைச் சரிபார்த்து, மூச்சின் வேகத்தைக் குறைத்து, அதன் பிறகும் இருபது நிமிடம் பத்தைத் தாண்டவில்லை என்றால் மட்டுமே அது நோயாளியைப் பற்றிய செய்தியாகிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதைத் தனித்து நம்பாமல் மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

இரண்டாவது அறிகுறி எக்கோ. நாடி பார்க்கும் இடைவெளியில் இதயத் தசை அசைகிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. 2016இல் வெளியான இருபது மருத்துவமனைகளின் ஆய்வில், மின் அதிர்ச்சி பயன்படாத தாளம் கொண்ட 793 பேரில், அசைவு தெரிந்தவர்களில் 3.8 விழுக்காட்டினரும், அசைவே இல்லாதவர்களில் 0.6 விழுக்காட்டினரும் வீடு திரும்பினார்கள். வேறுபாடு பெரியதுதான். ஆனால் அசைவற்ற இதயத்தோடும் சிலர் பிழைத்தார்கள். அசைந்த இதயத்தோடு பெரும்பாலோர் இறந்தார்கள். எது அசைவு, எது வெறும் வால்வின் நெளிவு என்பதில் ஒரே படத்தைப் பார்க்கும் மருத்துவர்களே முழுதாக ஒத்துப்போவதில்லை. படம் பிடிக்கும் ஆர்வத்தில் பத்து விநாடி இடைவெளி இருபதாக நீண்டுவிட்டால், கணிக்கப் போன கருவியே கணிப்பைக் கெடுக்கிறது. எக்கோவின் உண்மையான பயன், இதயப்பையில் ரத்தம் சேர்ந்திருக்கிறதா, வலது கீழறை வீங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யக்கூடிய காரணத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பிழைக்கமாட்டார் என்று சொல்வதைவிட, ஏன் நின்றது என்று சொல்வதற்கே அது உதவும்.

மூன்றாவதாக நேரம். எத்தனை நிமிடம் அழுத்திய பிறகு நிறுத்தலாம் என்பதே நடைமுறையில் எல்லோரும் கேட்பது. ரெனால்ட்ஸ் குழு 2013இல் காட்டியது இது: மூளைத் திறனோடு பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் பதினாறு நிமிடத்துக்குள்ளேயே நாடி திரும்பிவிட்டது, அதற்குப் பிறகு நல்லபடியாகத் திரும்பும் வாய்ப்பு இரண்டு விழுக்காடு. மருத்துவமனைக்குள் இதயம் நின்ற 3,48,996 பேரைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, நாடி திரும்பாமல் அழுத்தம் தொடரும்போது, பிழைக்கும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே போவது 39ஆவது நிமிடத்தில் என்றும், மூளைத் திறனோடு பிழைக்கும் வாய்ப்பு அப்படிக் குறைவது 32ஆவது நிமிடத்தில் என்றும் சொன்னது. முந்தைய கணக்கைவிட இது மிகத் தாராளமானது. இரண்டையும் அருகருகே வைத்தால், பதினாறாவது நிமிடத்தில் நிறுத்தும் வழக்கம் வைத்திருக்கும் மருத்துவமனையில் பதினேழாவது நிமிடத்தில் பிழைத்தவர் ஒருவரும் பதிவாக மாட்டார் என்பது புரியும். தானே தன்னை மெய்ப்பிக்கும் கணிப்பின் முழு ஆபத்தும் இங்கே இருக்கிறது. 2012இல் கோல்ட்பெர்கர் குழு 435 மருத்துவமனைகளை ஒப்பிட்டு இதற்கு எதிர்முனையிலிருந்து ஒரு சான்று தந்தது. பிழைக்காத நோயாளிகளிடம் நீண்ட நேரம் முயன்ற மருத்துவமனைகளில் இடைநிலை அளவு 25 நிமிடம். குறைவாக முயன்றவற்றில் 16 நிமிடம். நீண்ட நேரம் முயன்ற இடங்களில் நாடி திரும்பும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடுதல். புனேயில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கடிகாரம் எப்போது தொடங்கியது? காரிலோ ஆட்டோவிலோ தூக்கிவரப்பட்ட ஒருவருக்கு, அவசரப் பிரிவின் வாசலில் ஓடத் தொடங்கும் கடிகாரம் அவர் வீட்டில் விழுந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வாசலில் பூஜ்யம் என்று எழுதுவது, அவருக்கு முன்பே போய்விட்ட இருபது நிமிடத்தை அழித்து எழுதுவது.

எதைக் கணிக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடி திரும்புவது ஒன்று; உயிரோடு வீடு திரும்புவது வேறு; வீட்டாரை அடையாளம் கண்டு பேசும் நிலையில் திரும்புவது அதனினும் வேறு. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளியான அட்ரினலின் சோதனை இதற்கு நல்ல பாடம். அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 விழுக்காட்டினர் முப்பது நாள் உயிரோடிருந்தார்கள். வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 2.4 விழுக்காட்டினர். ஆனால் பிழைத்தவர்களுக்குள் கடுமையான மூளைச் சேதம் முதல் குழுவில் 31 விழுக்காடு, இரண்டாவதில் 17.8. நாடி திரும்புவதை மட்டும் கணித்துப் பெருமைப்படும் மாதிரி எதுவும் குடும்பத்தின் கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. இதில் எனக்கு ஐயம் இல்லை.

இத்தனை எச்சரிக்கைக்கும் எதிராக அவசரப் பிரிவில் வேலை செய்பவர்கள் சொல்லக்கூடிய மறுப்பு வலுவானது. அதைத் தட்டிவிட முடியாது. எல்லோரையும் முக்கால் மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தால், அடுத்த படுக்கையில் மூச்சு முட்டும் ஆஸ்துமா நோயாளியை யார் பார்ப்பது? நம்பிக்கையற்ற உடலை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் நகரைக் கடக்கும் நேரத்தில், இன்னொரு வீட்டில் நெஞ்சுவலி வந்தவருக்கு வண்டி இல்லை. நாடி மட்டும் திரும்பி மூளை திரும்பாதவரை வென்டிலேட்டரில் வைத்து நிலத்தை விற்கும் குடும்பங்களும் உண்டு. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இந்த மறுப்பு, விதி இல்லாவிட்டால் கணிப்பே நடக்காது என்று நினைக்கிறது. கணிப்பு இப்போதும் நடக்கிறது, எழுதப்படாமல் நடக்கிறது. வயதானவர், அழுக்குத் துணி, உடன் யாரும் வராதவர் என்றால் கை சீக்கிரம் ஓய்கிறது. வாசலில் இருபது உறவினர் கூடி நின்றால், பயன் இல்லை என்று தெரிந்தும் காட்டுவதற்காக அழுத்தம் தொடர்கிறது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க மகாராஷ்டிரா 2010இலேயே தனிச்சட்டம் இயற்றியது என்பதே அந்த அச்சம் எவ்வளவு பழையது என்று காட்டும். எழுதப்படாத கணிப்பை யாரும் சரிபார்க்க முடியாது. ஆகவே என் வாதம் நிறுத்தும் முடிவுக்கு எதிரானதல்ல. காரணத்தை எழுதாமல் நிறுத்துவதற்கும், ஒன்டாரியோவின் காரணத்தை நம் காரணமாக எழுதி நிறுத்துவதற்கும் எதிரானது. நல்ல அழுத்தம் உறுதி செய்யப்பட்ட இருபது நிமிடத்துக்குப் பிறகு, கரியமில வாயு அளவு, எக்கோ, தாளம் மூன்றும் ஒரே திசையில் காட்டினால், சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லையென்றால், நிறுத்துவது மருத்துவம்தான். உடல் குளிர்ந்துபோனவர், நஞ்சுண்டவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோர் இதற்கு விலக்கு.

நிறுத்துவதைப் பற்றிய பாரத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே இறக்கி வைக்க முடியும். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு சிபிஆர் தொடங்குவதே சரியா என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் தேட நாட்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ‘காமன் காஸ்’ வழக்கில் முன்கூட்டிய மருத்துவ உயிலை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் மீட்பு முயற்சி செய்யாதிருப்பது பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. இவை நடைமுறைக்கு வந்துவிட்டால், சிபிஆர் நடக்கும்போது கணிக்க வேண்டியவர்களின் கூட்டமே குறையும். மிச்சமிருப்பவர்களுக்குத் தயக்கமின்றி முழு முயற்சி செய்யலாம்.

இன்னொரு மறுப்பு கணினித் துறையிலிருந்து வருகிறது. மென்பொருள் நகரமான புனேயில் இது இயல்பாகவே எழும். மூன்று கேள்விகள் போதாதென்றால் முந்நூறு காரணிகளைக் கொடுத்து இயந்திரத்தையே கற்கவிட்டால் ஊர்ப் பாகுபாடு தானாக நீங்கிவிடாதா? நீங்காது. இயந்திரம் தரவில் இருப்பதையே கற்கும். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்றும் ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டியது. வயதுக்கு ஐரோப்பியத் தரவு தரும் எடை இங்கே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் காரணம் இல்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய இதய நோயாளிகளைப் பற்றி 2008இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேரும் இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆம்புலன்ஸே அழைக்கப்படாத இடத்தில், ‘ஆம்புலன்ஸ் வந்த நேரம்’ என்ற கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டங்களைக் கொண்டு கற்ற இயந்திரம், காலிக் கட்டம் உள்ளவர் சாவார் என்று கற்கும். இயந்திரம் சரியாகவே கண்டுபிடித்தாலும் பலன் உறுதியில்லை. டென்மார்க்கில் அவசர அழைப்பைக் கேட்டு இதயம் நின்றதைக் கண்டறியும் மென்பொருளைச் சோதித்தபோது, அதன் எச்சரிக்கையைப் பெற்ற அழைப்பு மையப் பணியாளர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறப்பாகக் கண்டறிந்துவிடவில்லை. கணிப்புக்கும் செயலுக்கும் இடையே மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தராமல் மென்பொருள் வாங்குவது செலவு மட்டுமே.

எஞ்சுவது, நம் கணக்கை நாமே எழுதுவது. பதிவேடு பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று யாராவது சொல்லலாம். ஆனால் வாரங்கல் பகுதியில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்பவர்களுக்கென்று ஒரு பதிவேடு நடத்திக் காட்டியிருக்கிறார்கள், அது பெருநகரம்கூட அல்ல. புனேயிடம் இதற்கான மரபே இருக்கிறது. கோகலே பொருளாதார நிறுவனத்தில் தனஞ்செயராவ் காட்கில் 1930களிலேயே நகரத்தின் வீடுகளை மாதிரி எடுத்துக் கணக்கெடுத்தார். புனே மாவட்டத்து வடு பகுதியில் கேஇஎம் மருத்துவமனை ஆராய்ச்சி மையம் 2002 முதல் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வை வீடு வீடாகப் பதிந்துவருகிறது. சசூன் பொது மருத்துவமனையும், படைத்துறை மருத்துவக் கல்லூரியும், அவசர மருத்துவம் கற்பிக்கும் தனியார் கல்லூரிகளும் ஒரே நகரில் இருக்கின்றன. 108இன் மையமும் இங்கேயே இருக்கிறது. தேவைப்படுவது ஒரு பக்கப் படிவம். அதில் உட்ஸ்டைன் கேள்விகளோடு நமக்கான சிலவும் வேண்டும்: எந்த வண்டியில் வந்தார், எத்தனையாவது மாடி, லிஃப்டுக்குக் காத்திருந்த நேரம், நெஞ்சழுத்தம் எந்த நிமிடத்தில் தொடங்கியது, இருபதாவது நிமிடத்தில் கரியமில வாயு அளவு என்ன, நிறுத்தியது யார், என்ன காரணத்துக்காக. கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. நிறுத்திய காரணம் எழுதப்பட்ட பதிவேட்டில்தான், தானே மெய்யான கணிப்பையும் உண்மையான மரணத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

அந்தப் பதிவேடு ஓரிரு ஆண்டு நிரம்பும்வரை, வெளிநாட்டு நிறுத்த விதி எதையும் புனேயின் ஆம்புலன்ஸிலோ அவசரப் பிரிவிலோ தனியாக நம்பி ஒருவரின் முயற்சியை முடிக்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு. பதிவேட்டில் முதலில் தெரியப்போவது நோயாளிகளைப் பற்றிய செய்தியாக இருக்காது. யாரும் நெஞ்சைத் தொடாமல் போன நிமிடங்களின் கூட்டுத்தொகையாக இருக்கும். அதைக் குறைக்க மருத்துவர் தேவையில்லை. இந்திய மயக்க மருந்தியல் மருத்துவர்களின் முயற்சியில் 2017இல் வெளியான வழிகாட்டுதல், வாயோடு வாய் வைத்து ஊதாமல் வெறும் அழுத்தம் மட்டும் செய்யும் எளிய முறையைப் பொதுமக்களுக்காகவே வகுத்திருக்கிறது: நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு நூற்றிருபது முறை வரை. இதைப் படிப்பவர்கள் தங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். காவலர்களையும் வீட்டு வேலைக்கு வருபவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.